ஐந்து மணிக்குள் ஒரு தெரு காய வேண்டும்

அக்காவுக்கு உட்கார வராது. வரைபட அலுவலகத்தில் நாற்காலி இழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பிதான் உட்கார்ந்தான். முப்பது தாண்டுவதற்குள் முன்தலை காலியாகிவிட்ட அவன், வாழ்க்கையில் வைத்திருந்த ஒரே கொள்கை, கிடைத்த நாற்காலியை விடக்கூடாது என்பது.

அக்கா காப்பீட்டு நிறுவனத்தில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தவள். ஒருநாள் மேலதிகாரியின் பொய்யையும் சேர்த்துப் பிடித்துவிட்டாள். அதோடு வேலை போயிற்று. மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை எடுத்து, துப்பறியும் அலுவலகம் என்று பலகை மாட்டினாள். தம்பி அங்கே ஓட்டுநர், உதவியாளர், வேலையில்லாத நாட்களில் புலம்பல் துறைத் தலைவர்.

சுவரில் வெள்ள அபாய வரைபடம் தொங்கியது. நடுவில் கறுப்புக் கோடாகக் கால்வாய். அதற்கு மேற்கே இருந்த தெரு வெள்ளை. அங்கே வெள்ளம் வராது. கிழக்கே இருந்த தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சிவப்பு.

"அந்தச் சிவப்புக்கு நடுவுலதான் என் காப்பகம்" என்றாள் பக்கத்தில் நின்ற பெண். கிழக்குத் தெருவில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறவள். தெருவுக்கே அவள் காப்பகத்தம்மா. "சிவப்புல இருக்கற கட்டடத்துல குழந்தைங்களை வெச்சுக்க உரிமம் தர மாட்டாங்களாம். இன்னைக்கு அஞ்சு மணிக்கு ஆட்சேபணைக் கூட்டம். அதுதான் கடைசி. அதுல மாறலைன்னா நான் கதவைச் சாத்த வேண்டியதுதான்."

"சிவப்பு பூசறது யாரு?" என்று அக்கா அதிகாரியைக் கேட்டாள்.

வரைபட அதிகாரி இளைஞர்தான். ஆனால் பல நாளாக எல்லோரிடமும் திட்டு வாங்கிய முகம். "யாரும் பூசறதில்லை மேடம். விமானத்துலேர்ந்து லேசர் அடிச்சுத் தரையோட உயரத்தை எடுக்கறோம். மழை எவ்வளவு பெய்யும், கால்வாய் எவ்வளவு தாங்கும், எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல போடறோம். தண்ணி எங்க போகும்னு அது கணக்குப் போட்டுச் சொல்லும்."

"அது சொன்னா வேதவாக்கா?"

"இல்லை. அதுக்குத்தான் கறை. போன வெள்ளம் வடிஞ்சப்புறம் எங்க ஆளுங்க தெருத்தெருவாப் போய், தண்ணி நின்ன கறை சுவர்ல எந்த உயரத்துல இருக்குன்னு அளந்தாங்க. கணக்கும் கறையும் ஒத்துப்போற வரைக்கும் கணக்கைத் திருகிக்கிட்டே இருப்போம்."

"பழைய ரேடியோ மாதிரி" என்றான் தம்பி. "பாட்டு வர்ற வரைக்கும்."

"அப்படித்தான் வெச்சுக்கங்க. இங்க ஒரு சிக்கல். ரெண்டு தெருவும் ஒரே மட்டம். கால்வாய் நிரம்பினா எந்தக் கரை வழியா வழியும்னு கம்ப்யூட்டரால சொல்ல முடியலை. கறைதான் தீர்ப்பு சொல்லணும். மேற்குத் தெருவுல ஒரு கறைகூட இல்லை. கிழக்குல ஒண்ணு இருந்துச்சு."

"ஒண்ணே ஒண்ணா?"

"ஒண்ணு போதும் மேடம். தண்ணி ஒரு வீட்டு வாசல்ல மட்டும் இடுப்பளவு நிக்காதே. மத்த வீடுகளையும் கம்ப்யூட்டர் நிரப்பிடுச்சு."

"ஜனங்க வாய்ல கேட்டீங்களா?"

அதிகாரி அன்று முதல் தடவையாகச் சிரித்தார். "கேட்டோமே. கிழக்குத் தெரு, தண்ணி மேற்குலதான் வந்துச்சுன்னாங்க. மேற்குத் தெரு, கிழக்குலதான்னாங்க. ரெண்டு பேரையும் நம்பினா, வெள்ளம் கால்வாய்க்குள்ளயே நின்னு குளிச்சுட்டு வீட்டுக்குப் போயிருக்கணும். இந்த அம்மா மட்டும்தான் நியாயஸ்தி. எதிர்த் தெருவைக் கை காட்டவே இல்லை. எங்க தெருவுல வரலைன்னு மட்டும் சொன்னாங்க."

அக்கா காப்பகத்தம்மாவைப் பார்த்தாள். தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே பார்த்தாள். காப்பகத்தம்மா பையின் வாரைத் திருகினாள்.

"கட்டடம் கட்டி விக்கற ஒரு முதலாளியோட வேலைதான் மேடம். ரொம்ப நாளா எங்க தெருவைக் கேட்டுக்கிட்டிருக்கான். சிவப்பு ஆயிட்டா மலிவாக் கிடைக்கும்ல? அவன்தான் ஆள் விட்டுக் கறை போட்டிருப்பான். அந்தத் திருடனை மட்டும் பிடிச்சுக் குடுங்க."

அதிகாரி கறையின் படத்தைக் காட்டினார். கறுத்துப்போன ஒரு மரக்கதவு. அதில் பழுப்பாக ஒரு கிடைக்கோடு. பக்கத்தில் அளவுகோலைப் பிடித்த யாரோ ஒருவரின் கை. கதவைச் சுற்றி என்ன இருக்கிறது என்பது படத்தில் விழவில்லை.

"எழுந்திருடா" என்றாள் அக்கா.

"இப்பத்தான் நாற்காலி சூடாச்சு."

"எழுந்திருன்னா எழுந்திரு."

*

அந்தக் கதவு கிழக்குத் தெருவின் முனை வீட்டில் இருந்தது. தையல்காரர் வீடு. அன்றைக்கு வேலையை வீட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார். துப்பறிகிறவர்கள் வந்திருப்பதாகச் சொன்னதும், அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் ஒளித்தார்.

"டிகாஷன் ஊத்தித் தேய்ச்சிருப்பான்" என்றான் தம்பி, கதவைச் சுற்றி வந்து. "இல்லைன்னா செம்மண்ணு. நான்னா டிகாஷன்தான் போடுவேன். வாசனையாவது நல்லா இருக்கும்."

அக்கா தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, கதவின் தாழ்ப்பாள் ஓட்டைக்குள் விட்டுக் குடைந்தாள். உள்ளேயிருந்து மாவு மாதிரி நைசான காய்ந்த சேறு உதிர்ந்தது. கோட்டுக்குக் கீழே இருந்த ஓட்டையில் சேறு. மேலே இருந்த ஓட்டையில் வெறும் தூசி.

"கறை அசல்" என்றாள்.

தம்பி கதவைவிட்டு விலகினான். "அப்போ நம்ம கிளையன்ட் பொய் சொல்றாங்களா? தண்ணி நிஜமாவே வந்திருக்கா? முடிஞ்சுது போ. கேஸை எடுத்த அன்னைக்கே நம்மளே நம்ம ஆளைக் கவுத்துட்டோம்."

அக்கா அதற்குள் வீட்டுக்குள் இருந்தாள். யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. தையல் மெஷின் முன்னால் குந்தி, அதன் மரப்பெட்டியைத் தடவினாள். இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் தள்ளினாள்.

"இந்த மெஷின் எத்தனை நாளா இங்க இருக்கு?"

"கல்யாணத்துக்கு மாமனார் வாங்கிக் குடுத்தது மேடம். இந்த இடத்தை விட்டு நகர்ந்ததே இல்லை."

"தம்பி, வாசக்கதவு இடுப்பு வரைக்கும் முங்கியிருக்கு. அதுக்கு நேர் எதிர்ல இருக்கற இந்த மெஷின் பெட்டி ஒட்டுப்பலகை. கொஞ்சம் தண்ணி பட்டாலே பிரிஞ்சு விரிஞ்சு வந்திருக்கும். இழுப்பறை வெண்ணெய் மாதிரி ஓடுது."

"மெஷினுக்கு நீச்சல் தெரியுமோ என்னவோ."

"நிலையைப் பாரு. கதவு கறுப்பு, நிலை வெளுப்பு. ரெண்டும் ஒரே மரமே இல்லை." அக்கா தையல்காரர் பக்கம் திரும்பினாள். "கதவு எப்ப வாங்கினீங்க?"

"வெள்ளத்துக்கு அப்புறம்தான். பழைய கதவைக் கறையான் தின்னுடுச்சு. கால்வாய்ப் பாலத்துக்கிட்டப் பழைய மரக்கடை இருக்கு பாருங்க, அங்க வாங்கினேன். நிலை குட்டை, அதனால கீழ ஒரு சாண் அறுத்தேன். வார்னிஷ் அடிக்கணும் அடிக்கணும்னு நாள் போயிடுச்சு."

"அளக்க வந்தவங்க உங்களை ஒண்ணும் கேட்கலையா?"

"நான் கடைக்குப் போயிருந்தேன். வீடு பூட்டி இருந்துச்சு. மத்த வீட்டுச் சுவர்ல எல்லாம் கறையைத் தேடிப் பார்த்துட்டு, என் வீட்டுக் கதவைப் பார்த்ததும் ரொம்ப சந்தோஷமாப் படம் எடுத்தாங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. நான்கூட வேலைப்பாடு பிடிச்சுப்போய் எடுத்தாங்கன்னு நினைச்சேன்."

தம்பி கைதட்டினான். "கறை போடத் திருடனே வரலை. கதவே தன் காலால நடந்து வந்திருக்கு! வா அக்கா, இதைச் சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்போம்."

"பத்தாது."

"உனக்கு எதுதான் பத்தியிருக்கு?"

"யோசிடா. இந்தக் கறையை எடுத்துட்டா அந்த அதிகாரி கையில என்ன இருக்கு? ரெண்டு தெரு, ரெண்டுலயும் கறை இல்லை, தண்ணி மட்டும் எங்கயோ போயிருக்கு. பயத்துல ரெண்டையுமே சிவப்பாக்கிடுவார். காப்பகம் அப்பவும் போயிடும். இந்தக் கதவு எங்கேயிருந்து கிளம்புச்சுன்னு தெரிஞ்சாத்தான் இந்தத் தெரு காயும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உடனே மறுபடியும் பார்த்தாள். முதல் தடவை பார்த்ததை அவள் நம்பவில்லை போலும்.

*

பழைய மரக்கடையில் ஜன்னல்கள் ஜன்னல்களின் மேல் சாய்ந்து கிடந்தன. நடுவில் கடைக்காரர், இரண்டு முக்காலிகளின் மேல் குறுக்கே போட்ட ஒரு பலகையில் கையூன்றி, யாரிடமோ போனில் கத்திக்கொண்டிருந்தார். அக்கா அவரைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தாள். அதன் மேல் இருந்த ஆணி டப்பாவையும் ரசீதுக்கட்டையும் தூக்கித் தம்பி கையில் கொடுத்தாள்.

"அய்யய்யோ, என்னம்மா பண்றீங்க?"

"இது கதவுதானே?"

"ரெட்டைக் கதவும்மா. ஒரு பாதி போயிடுச்சு. ஒத்தைக் கதவை யாரு கேட்பா, அதான் மேசையாப் போட்டிருக்கேன்."

அதே கறுப்பு மரம். அதே செதுக்கல். தம்பி டப்பாவையும் ரசீதுகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பலகையைத் தூக்கி நிமிர்த்தினான். அதே பழுப்புக் கோடு. ஆனால் இது அறுபடாத கதவு. கோடு தம்பியின் நெஞ்சுக்கு வந்தது.

"தையல்காரர் அறுத்த ஒரு சாணைச் சேர்த்துக்கோ" என்றாள் அக்கா. "இடுப்பு இல்லை. நெஞ்சு." கடைக்காரரிடம் கேட்டாள்: "யாரு கொண்டாந்து போட்டது?"

"பெயிண்டர்தான். மேற்குத் தெரு முழுக்க அவர்தானே அடிச்சார். அளக்க வர்றாங்கன்னு சேதி வந்ததும், தெருவே சேர்ந்து அவருக்கு வேலை குடுத்துச்சு. வீட்டோட மதிப்பு இறங்கிடும்னு பயம். சுவர்க் கறை எல்லாம் ரெண்டு பூச்சுல மறைஞ்சு போச்சு. இந்தக் கதவு மட்டும் அடங்கலை. எத்தனை தடவை அடிச்சாலும் கோடு மேல வந்து நிக்குதாம். கடைசியில வீட்டுக்காரங்க, பெயிண்டைச் சுரண்டிட்டுக் கதவையே கழட்டி எடுத்துட்டுப் போன்னு சொல்லிட்டாங்க."

"அந்த பெயிண்டர் எங்க இருப்பார்?"

"அட, தெரியாதா? கிழக்குத் தெருவுல காப்பகம் இருக்கே, அந்த அம்மாவோட வீட்டுக்காரர்."

ஆணி டப்பா தம்பியின் கக்கத்திலிருந்து நழுவியது. தரையெல்லாம் ஆணி.

*

காப்பகத்தில் அது குழந்தைகள் தூங்கும் நேரம். பாய்களில் வரிசையாகக் குட்டி உடம்புகள். ஒன்று வாயில் விரல், ஒன்று அடுத்ததன் வயிற்றில் கால். அதனால் அங்கே நடந்த சண்டை முழுக்கக் கிசுகிசுப்பிலேயே நடந்தது.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "எல்லாரும் எதிர்த் தெருவைக் கை காட்டினப்போ நீங்க மட்டும் காட்டலையே, அப்பவே எனக்கு இடிச்சுது."

"சத்தம் போடாதீங்க."

"நான் சத்தமே போடலை. தண்ணி மேற்குல வந்தது உங்களுக்குத் தெரியும்ல?"

காப்பகத்தம்மா ஒரு குழந்தையின் போர்வையைச் சரிசெய்தாள். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. "தெரியாம என்ன? இதுல முக்கால்வாசிக் குழந்தைங்க மேற்குத் தெரு. வெள்ளம் வடிஞ்சு இதுங்க திரும்பி வந்தப்போ பையெல்லாம் சேறு. என் மொட்டை மாடியிலதான் காயப்போட்டேன்."

பின்கட்டிலிருந்து பெயிண்டர் வந்தார். முழங்கை வரை வெள்ளைப் புள்ளிகள். கதவின் கதையை அக்கா சொல்லச் சொல்ல அவர் முகம் செத்துப்போயிற்று.

"அந்தக் கதவா?" என்றார். "நான் கடையிலதானே போட்டேன்."

"கடையிலேர்ந்து நம்ம தெருவுக்கே வந்து நின்னிருக்கு" என்றாள் அவர் மனைவி. கத்த முடியாத கோபம் அவள் கழுத்து நரம்பில் ஏறியிருந்தது. "நீ பூசின பூச்சுக்கு நம்ம தலையில சிவப்பு விழுந்திருக்கு. நல்லாப் பண்ணின போ!"

"தெரு மொத்தமும் வேலை குடுத்தா வேணாம்னு சொல்ல முடியுமா? அன்னைக்கு நீதானே சந்தோஷப்பட்டே?"

"வாயை மூடு."

"நீங்க ஏன் துப்பறிய ஆள் வெச்சீங்க?" என்று தம்பி கேட்டான். கேலி இல்லாமல்தான் கேட்டான். "உண்மை தெரிஞ்சும்?"

"எவனாவது ஒரு திருடன் கிடைப்பான்னு பார்த்தேன் தம்பி. எங்க தெரு காஞ்சாப் போதும். மேற்குத் தெரு பேச்சு வராமலே போயிட்டா ரொம்ப நல்லதுன்னு நினைச்சேன். நான் வாயைத் திறந்தா அவங்க வீடெல்லாம் சிவப்பு. வங்கிக் கடன் வராது, விற்க முடியாது. அப்புறம் என்கிட்டயா குழந்தையை விடுவாங்க? சொன்னா குழந்தைங்க போயிடும். சொல்லலைன்னா காப்பகம் போயிடும்."

அக்கா அறையின் நீளத்துக்கு நடந்தாள், பாய்களை மிதிக்காமல். "சிவப்புன்னா கடன் இல்லைங்கறது மட்டும்தான் உங்க காதுல விழுந்திருக்கு. மழை ஏறினா சிவப்புத் தெருவுக்குத்தான் முதல்ல சைரன். அங்கதான் முதல்ல படகு. வெள்ளையில இருக்கறவனை யாரும் எழுப்ப மாட்டாங்க. தண்ணி வர்றதே இல்லைன்னு எழுதியாச்சே, அப்புறம் எதுக்கு எழுப்பணும்?"

ஒரு குழந்தை தூக்கத்தில் இருமியது.

"என் வேலை கண்டுபிடிக்கறது. முடிஞ்சுது" என்றாள் அக்கா. "கதவைக் கூட்டத்துக்குக் கொண்டு வர்றேன். எந்தத் தெருக் கதவுன்னு நான் சொல்ல மாட்டேன். அது உங்க வாய்ல வரணும், இல்லைன்னா வராமலே போகட்டும்."

வாசலுக்கு வந்ததும் தம்பி கிசுகிசுப்பை விடமுடியாமல் கேட்டான். "நீ சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே. ஏன் அந்த அம்மா தலையில கட்டறே?"

"நாம சொன்னா வெளியாளு சொன்னதா ஆகும். மறுநாளே மேற்குத் தெரு பொய்னு எழுதிக் குடுக்கும். அந்தக் குழந்தைங்களோட பைகளைக் காயப்போட்டவங்க சொன்னா மறுக்க முடியாது." ஹெல்மெட்டை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள். "அதுவும் இல்லாம, என்னால சொல்ல முடியலை. போதுமா? வண்டியை எடு."

*

கூட்டம் நடந்த மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றன, காற்றுதான் வரவில்லை. ஒரு பக்கம் கிழக்குத் தெரு, மறுபக்கம் மேற்குத் தெரு, நடுவில் நடைபாதை. சரக்கு ஆட்டோவில் வந்த கதவை ஒரு முனையில் தம்பியும் மறுமுனையில் பெயிண்டரும் பிடித்து உள்ளே கொண்டுவந்து, வரைபடத்துக்குப் பக்கத்தில் சாய்த்தார்கள். மேற்குத் தெருப் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து, சட்டென்று அமுங்கியது. கதவு அவர்களுக்குத் தெரிந்த கதவு.

அக்கா சுருக்கமாகச் சொன்னாள். தையல்காரரின் கதவு, இதன் ஜோடி, பழைய மரக்கடை. வரைபட அதிகாரி எழுந்து வந்து, தன்னிடமிருந்த கறையின் படத்தை இந்தக் கதவின் கறைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காது சிவந்தது.

"ஒத்துக்கறேன். கிழக்குத் தெருவுல இருந்த ஒரே கறை அந்தத் தெருவோடது இல்லை. ஆனா இந்தக் கதவு முதல்ல எங்க இருந்துச்சு? அது தெரியாம நான் கணக்கை மாத்த முடியாது."

அக்கா பேசாமல் ஓரமாக நகர்ந்தாள்.

தம்பி காப்பகத்தம்மாவைப் பார்த்தான். அவள் மடியில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். மண்டபத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இப்போது எழுந்திருக்காவிட்டால் இனி எழுந்திருக்கமாட்டாள் என்று அவனுக்குத் தோன்றியது.

எழுந்தாள்.

"மேற்குத் தெருக் கதவு சார். அங்கதான் தண்ணி வந்துச்சு. சுவர்க் கறையை என் வீட்டுக்காரர்தான் பூசி மறைச்சார். எனக்குத் தெரியும். இவ்வளவு நாள் சொல்லலை."

மேற்குத் தெருப் பக்கம் எள்ளும் கொள்ளும் வெடித்தது. துரோகி என்றார் ஒருவர். எங்க பணத்துல வளர்ந்த காப்பகம் என்றார் இன்னொருவர். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் விருட்டென்று எழுந்தாள். காப்பகத்தில் விடப்படும் ஒரு மூன்று வயதுக்காரியின் அம்மா. அந்தக் கதவு அவள் வீட்டுக் கதவு.

"என்னக்கா இது? உங்களை நம்பித்தானே குழந்தையை விட்டேன்?"

"நம்பித்தான் விட்டே. பகல்ல உன் பொண்ணு என்கிட்ட இருக்கா. ராத்திரி அங்கதானே தூங்கறா?"

"அது எங்க பாடு!"

காப்பகத்தம்மா கதவுக்கு நடந்துபோனாள். பழுப்புக் கோட்டின் மேல் கையை வைத்தாள். அது அவள் தோளுக்கு வந்தது. பிறகு கையை எடுத்து, மறுபடி அதே கதவில் வைத்தாள், மிகவும் கீழே, அவள் தொடை உயரத்தில்.

"உன் பொண்ணு இவ்வளவுதான் இருக்கா."

மண்டபம் அடங்கக் கொஞ்சநேரம் பிடித்தது. அந்தப் பெண் நின்றுகொண்டே இருந்தாள். கீழே இருந்த கையைப் பார்த்தாள். மேலே இருந்த கோட்டைப் பார்த்தாள். அவள் கணவர் புடவையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னார். அவள் உதறினாள்.

"நாளைலேர்ந்து என் பொண்ணு உங்ககிட்ட வர மாட்டா" என்றாள்.

"சரி" என்றாள் காப்பகத்தம்மா.

"அது வேற." அந்தப் பெண் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "சார், அந்தக் கோடு தப்பு."

அதிகாரி களைத்துப்போனார். "அம்மா, இப்பத்தானே கறையைக் கண்ணால பார்த்தோம்."

"கறை தண்ணி நின்ன இடம். அதுக்கு முன்னாடி அது இன்னும் மேல வந்துட்டு இறங்குச்சு. நான் அவளைத் தோள்ல வெச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினேன், எனக்குத் தெரியும்." கழுத்தில் கையை வைத்துக் காட்டினாள். "இங்க போடுங்க."

அவளுக்குப் பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒருவர் எழுந்து, தன் வீட்டில் அது எந்த உயரத்துக்கு வந்தது என்று தன் மேல் காட்டினார்.